லாம், கூடாது, வேண்டும்: தேர்வறைக்குள் கணிப்பான் நுழைந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளிப் படிப்பை முடித்து இளநிலை வகுப்பில் சேர விரும்பும் மாணவர்களுக்கான நுழைவுத் தேர்வொன்றில் கண்காணிப்பாளனாக நின்றேன். ஆய்வு மாணவர்களுக்கு இது வழக்கமாக வந்துசேரும் பணிதான். கையில் தரப்பட்ட அறிவுரைத் தாளில் கணிப்பானைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: நிரலிட இயலாத கணிப்பானை மட்டும் கொண்டுவரலாம். மூன்றாம் வரிசையில் ஒரு மாணவியின் மேசைமீது கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். தொகையீட்டுக் குறி பொறித்த விசை ஒன்று. சமன்பாட்டைத் தீர்க்கும் வசதி வேறு. சமன்பாட்டையே தீர்த்துத் தரும் கருவியை எப்படி அனுமதிப்பது என்று எண்ணி, அதை வாங்கி முன்மேசையில் வைத்துவிட்டேன். இது நிரலிடக்கூடியது அன்று என்று அவர் மெல்லிய குரலில் ஒருமுறை சொன்னார். நான் ஏற்கவில்லை. எஞ்சிய நேரம் முழுவதும் அவர் தாளின் ஓரத்தில் நீண்ட வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தார். தேர்வு முடிந்தபின் இயற்பியல் படித்த நண்பரிடம் விசாரித்தபோது, அந்த மாணவி சொன்னதே சரி என்று தெரிந்தது. சமன்பாட்டைத் தீர்ப்பது வேறு, நிரலை ஏற்பது வேறு. மொழியியலில் முதுகலை முடித்த நான் ஒரு பெயரெச்சத்தைத் தவறாகப் படித்திருக்கிறேன். ‘நிரலிட இயலாத’ என்று இருந்ததை ‘அதிகம் செய்ய இயலாத’ என்று கொண்டுவிட்டேன்.

அன்று முதல் தேர்வறைக் கணிப்பான் விதிகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. என் ஆய்வேட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நெறியாளர் இப்பதிவைப் பார்க்காமலிருப்பது நல்லது. ஆனால் விதியின் சொற்கள் கருவியை எப்படி உருமாற்றின, அந்தச் சொற்களுக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால், இது கணிதத்தைப் போலவே மொழியின் வரலாறும் ஆகும். இதன் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1972இல் ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனம் எச்பி-35 என்னும் அறிவியல் கணிப்பானை வெளியிட்டது. விலை 395 டாலர். அதுவரை பொறியியல் மாணவனின் சட்டைப்பையில் இருந்தது நழுவுகோல், அதாவது சிலைடு ரூல். அடுத்த சில ஆண்டுகளிலேயே நழுவுகோல் தயாரிப்பாளர்கள் கடையை மூடத் தொடங்கினர். கருவியின் விலையும் சரசரவென்று இறங்கியது. தேர்வு நடத்துவோருக்கு இதில் ஒரு புதிய சிக்கல் இருந்தது. நழுவுகோலும் மடக்கை அட்டவணையும் விடையை மூன்று நான்கு இலக்கம் வரை தரும். பதின்மப் புள்ளி எங்கே வர வேண்டும் என்பதை மாணவனே தீர்மானிக்க வேண்டும். கணிப்பானோ முழு விடையையும் தந்துவிடுகிறது. அப்படியானால் தேர்வு எதைச் சோதிக்கிறது? 1980இல் அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசியப் பேரவை வெளியிட்ட செயல்திட்டம், எல்லா வகுப்பு நிலைகளிலும் கணிப்பானையும் கணினியையும் முழுமையாகப் பயன்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. வகுப்பறை ஒரு பக்கம் நகர, தேர்வறை பின்தங்கி நின்றது.

பின்தங்கிய தேர்வறை முன்னும் பின்னும் அடியெடுத்து வைத்த விதத்தைக் காண, காலேஜ் போர்டு நடத்தும் ஏ.பி. நுண்கணிதத் தேர்வைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. 1983, 1984 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கணிப்பானைக் கொண்டுவரலாம் என்றார்கள், கட்டாயம் இல்லை. 1985 முதல் கூடாது என்றார்கள். 1993, 1994இல் அறிவியல் கணிப்பான் வேண்டும் என்றார்கள். 1995 முதல் வரைபடக் கணிப்பான் வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று துணைவினைகள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இம்மூன்றின் வேறுபாடும் எளிதில் விளங்கும். ‘கூடாது’ என்பதில் எல்லாரும் சமம். யாரிடமும் கருவி இல்லை. ‘வேண்டும்’ என்பதிலும் ஒருவகையில் சமம். எல்லாரிடமும் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பள்ளியோ மாநிலமோ அதற்கு வழிசெய்ய வேண்டும் என்று கேட்க ஒரு பிடி கிடைக்கிறது. ‘லாம்’ மட்டும் விசித்திரமானது. ‘வரலாம்’ என்பது அனுமதியையும் குறிக்கும், வாய்ப்பையும் குறிக்கும். விதியை எழுதியவர் அனுமதி என்ற பொருளில் எழுதுகிறார். வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கோ அது வாய்ப்பு என்ற பொருளில், அதுவும் தனக்கு இல்லாத வாய்ப்பு என்ற பொருளில், போய்ச் சேர்கிறது. வினா அமைப்பவருக்கும் ‘லாம்’ பெரும் தொல்லை. கருவி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே வினா பொருந்தியாக வேண்டும். கருவி இருந்தால் மட்டுமே செய்யத்தக்க நல்ல வினா ஒன்றைக் கேட்கவும் முடியாது. கருவி இருந்தால் பொருளற்றுப்போகும் வினாவைக் கேட்பதிலும் பயனில்லை. 1983இன் ‘லாம்’ இரண்டே ஆண்டில் கைவிடப்பட்டதற்கும், எட்டாண்டு இடைவெளிக்குப் பின் திரும்பி வந்தபோது ‘வேண்டும்’ ஆக வந்ததற்கும் இதுவே அடிப்படை என்று நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1995இன் ‘வேண்டும்’ எந்தக் கணிப்பான் என்பதைச் செயலால் வரையறுத்தது. விரும்பிய எல்லைக்குள் சார்பின் வரைபடத்தை வரைதல், சமன்பாட்டின் மூலங்களை எண்வழியில் காணுதல், ஒரு புள்ளியில் வகைக்கெழுவை எண்வழியில் கணித்தல், வரையறுத்த தொகையீட்டை எண்வழியில் கணித்தல் ஆகிய நான்கும் கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்நான்கையும் தாண்டி எதையேனும் செய்தால், மாணவர் அதன் வழிமுறையை விடைத்தாளில் எழுதிக்காட்ட வேண்டும். செய்யத்தக்கதைச் சொல்லி வரையறுத்த அரிய விதிகளுள் இது ஒன்று.

சாட் தேர்வு வேறு வழியில் சென்றது. 1994 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்ட சாட் தேர்வுக்குக் கணிப்பானைக் கொண்டுவரலாம் என்று காலேஜ் போர்டு அறிவித்தது. அந்தத் தேர்வில்தான், கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், மாணவரே விடையைக் கண்டு கட்டங்களில் நிரப்பும் வினாக்களும் முதன்முறையாக வந்தன. எல்லா வினாக்களையும் கணிப்பான் இன்றியே தீர்க்க இயலும் என்ற உறுதிமொழியும் கூடவே தரப்பட்டது. இதுதான் ‘லாம்’ கொண்டுவரும் இரட்டை நாக்கு. பயன்படுத்துவது நன்று என்று பரிந்துரைப்பார்கள். இல்லாவிட்டாலும் குறையில்லை என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா என்று பதினாறு வயதுப் பிள்ளை கேட்காது. அதன் தாய்தந்தையர் கடைக்குப் போய்விடுவார்கள்.

எந்தக் கணிப்பான் என்பதற்கு சாட் தந்த விடை எதிர்மறைப் பட்டியலாக இருந்தது. தட்டச்சுப் பொறியின் விசைப்பலகை உடையது கூடாது. காகிதச் சுருளில் அச்சிடுவது கூடாது. ஒலி எழுப்புவதும் பேசுவதும் கூடாது. மின்செருகி தேவைப்படுவது கூடாது. கையடக்கக் கணினியும் மின்னணுக் குறிப்பேடும் கூடாது. மற்ற எல்லாம் வரலாம். நம் இலக்கண நூல்களில் விதி சுருக்கமாக இருக்கும். விதிக்குள் அடங்காதவற்றைப் புறனடை தாங்கும். இங்கே புறனடையே விதி ஆகிவிட்டது. இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்தால் இன்னொன்று புலப்படும். இதிலுள்ள எதுவும் கணிதத்தைப் பற்றியது அன்று. விசையின் அமைப்பு, காகிதம், ஓசை, மின்கம்பி ஆகிய அனைத்தும் கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ அறியத்தக்கவை. ஏன் இப்படி? விதியைச் செயல்படுத்தப் போகிறவர் அறையின் கோடியில் நிற்கும் கண்காணிப்பாளர். அவருக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வரிசைகளுக்கிடையே நடந்து செல்லும் நேரத்தில் அவர் கண்ணுக்குப் படுவதை வைத்தே அவரால் தீர்ப்புச் சொல்ல முடியும். என் தவறு இந்த வகையைச் சேர்ந்ததுதான். எனக்குத் தரப்பட்ட விதி கண்ணுக்குப் படாத ஒரு தன்மையைச் சொன்னது. நான் கண்ணுக்குப் பட்ட விசையைப் பார்த்து முடிவு செய்தேன்.

1996இல் கணிப்பானை ஏற்ற ஏ.சி.டி. தேர்வின் விதிகள் இவ்வகையில் இன்னும் சுவையானவை. அச்சிடும் கணிப்பானாக இருந்தால் காகிதத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவரலாம். ஒலி எழுப்புமானால் ஒலியை அணைத்துவிட்டுக் கொண்டுவரலாம். அகச்சிவப்புக் கதிர்வழியே பக்கத்துக் கருவியோடு பேசவல்ல சில ஹியூலட்-பேக்கர்ட் கணிப்பான்களுக்கு ஒரு தனி நிபந்தனை உண்டு. கதிர் வெளிவரும் துளையை ஒளிபுகாத தடித்த ஒட்டுநாடாவால் முழுவதும் மூடிவிட வேண்டும். மின்பணியாளர் கம்பியில் சுற்றும் கறுப்பு நாடா இருக்கிறதல்லவா, அதேதான். ஒரு தொழில்நுட்பத்தைத் துண்டு நாடாவால் வெல்லும் இந்த வரியைப் படித்தபோது, விதி எழுதியவர்மீது எனக்குப் பெருமதிப்பு ஏற்பட்டது. கண்ணால் பார்க்க முடியாத கதிரை, கண்ணால் பார்க்கத்தக்க நாடாவாக அவர் மொழிபெயர்த்துவிட்டார்.

இனி இந்த வரலாற்றின் நடுக்கதைக்கு வருகிறேன். 1995இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டிஐ-92 என்னும் கருவியை வெளியிட்டது. அதுவரையிலான வரைபடக் கணிப்பான்கள் எண்களோடு நின்றன. டிஐ-92 குறியீடுகளைக் கையாண்டது. எக்சின் வர்க்கத்தைத் தொகையிடு என்றால், எண் எதுவும் கேட்காமல், எக்சின் கனத்தில் மூன்றிலொரு பங்கு என்று எழுத்தாகவே விடை தரும். காரணிப்படுத்தும், விரிக்கும், சுருக்கும். கணினியில் பெயர்பெற்றிருந்த டெரைவ் என்ற இயற்கணித மென்பொருளின் வழிவந்த நிரல் அதனுள் இருந்தது. இரண்டு கையாலும் பிடிக்கத்தக்க அகன்ற உடல். கீழே தட்டச்சுப் பொறியின் விசைப்பலகை. சாட் தேர்வும் ஏ.பி. தேர்வும் இதைத் தடுத்துவிட்டன. எதற்காக? இயற்கணிதம் செய்தமைக்காக அன்று. விசைப்பலகை இருந்தமைக்காக. தட்டச்சு விசைகள் இருந்தால் வினாக்களைத் தட்டச்சிட்டு வெளியே கொண்டுசெல்ல எளிது என்ற பாதுகாப்பு அச்சமே இவ்விதிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

1998இல் அதே நிறுவனம் டிஐ-89ஐ வெளியிட்டது. அதே மோட்டரோலா 68000 செயலிக் குடும்பம், அதே இயற்கணிதத் திறன். விசைப்பலகை மட்டும் இல்லை. எழுத்துகள் எண்விசைகளின் மேலே சிறிய நிறத்தில் ஒதுங்கிக்கொண்டன; அவற்றைத் தட்ட ஒவ்வொரு முறையும் இன்னொரு விசையை அழுத்த வேண்டும். சாட் தேர்வும் ஏ.பி. தேர்வும் இதை ஏற்றுக்கொண்டன. அறிவு அதே, உடல் வேறு. ஏ.சி.டி. மட்டும் இதைத் தடுத்தது. அதன் விதி உடலைக் கடந்து உள்ளே பார்த்தது; இயற்கணித அமைப்பு உள்ள எதுவும் கூடாது என்றது. ஆக, ஒரே நாட்டில், ஒரே கல்லூரிச் சேர்க்கைக்காக, ஒரே மாணவர் அடுத்தடுத்த வாரங்களில் எழுதக்கூடிய இரண்டு தேர்வுகளில், ஒரே கருவி ஓரிடத்தில் கணிப்பானாகவும் இன்னோரிடத்தில் குற்றமாகவும் இருந்தது. சொல்லின் பொருள் பயன்பாட்டில்தான் இருக்கிறது என்று முதலாண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது இந்தச் சான்றைத்தான் இப்போதெல்லாம் சொல்கிறேன்.

விதி கருவியைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்வதுகூடப் போதாது. விதி கருவியைச் செய்தது. 2007இல் டிஐ-என்ஸ்பயர் வந்தபோது ஒரே கருவி இரண்டு வகையாக விற்பனைக்கு வந்தது: இயற்கணிதம் தெரிந்தது ஒன்று, தெரியாதது ஒன்று. தெரியாததைச் செய்வதற்கு எந்தப் பொறியியல் தேவையும் இல்லை. தேர்வு விதிகளே தேவை. பின்னர்த் ‘தேர்வு நிலை’ என்ற அமைப்பு வந்தது. அதை இயக்கினால் சில வசதிகள் மறைந்து, கருவியின் தலையில் ஒரு சிறு விளக்கு மின்னும். கண்காணிப்பாளர் தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நினைவகத்தை அழித்துவிட்டதாகக் கருவியே ஒளியால் சத்தியம் செய்கிறது. இதுவும் ஒட்டுநாடாவின் வழித்தோன்றல்தான், சற்று நாகரிகமான வழித்தோன்றல்.

விலையைப் பற்றிப் பேசாமல் இதைக் கடக்க முடியாது. மின்னணுப் பொருள்கள் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மலிந்துகொண்டே வர, 2004இல் வந்த டிஐ-84 பிளஸ் வகைக் கணிப்பான் பல ஆண்டுகளுக்குப் பின்னும் நூறு டாலரை ஒட்டியே விற்றது. அதன் திறனைவிடப் பன்மடங்கு உடைய கைப்பேசியை அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஆனால் கைப்பேசி தேர்வறைக்குள் வராது. பாடநூலில் எந்த விசையை எங்கே அழுத்துவது என்ற படம் இந்தக் கருவிக்குத்தான். ஆசிரியருக்குப் பழக்கமானதும் இதுதான். அனுமதிப் பட்டியலில் உள்ளதும் இதுதான். வாங்குபவர் வேறொன்றைத் தேர்ந்தெடுக்க இயலாத இடத்தில் விலை இறங்க வேண்டிய தேவை என்ன? சில பள்ளிகள் ஆண்டு முழுவதற்கும் இரவல் தந்தன. சில பள்ளிகளில் வகுப்பில் மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு மணியடித்ததும் திருப்பித் தர வேண்டும். தேர்வு நாளன்று அறையில் எல்லாருடைய மேசையிலும் ஏதோ ஒரு கணிப்பான் இருக்கும். ஓராண்டு வீட்டில் வைத்துப் பழகிய கைக்கும் அன்று இரவல் பெற்ற கைக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பட்டியலும் காணாது.

பிற நாடுகளில் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் 2009 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் இரண்டாம் கணிதத் தாளுக்குக் கணிப்பானை அனுமதித்தது. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளும் பன்னிரண்டு வயதிலேயே ஒரு தாள் கையால், ஒரு தாள் கருவியால் என்று எழுதுகிறார்கள். இங்கிலாந்து அதே வயதினருக்கான தேசியத் தேர்வில் அதுவரை இருந்த கணிப்பான் தாளை 2014இல் நீக்கிவிட்டது. ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு, எதிரெதிர் முடிவுகள். இருவரும் சொன்ன நோக்கம் கணிதத்தில் வலிமை. இங்கிலாந்தின் பதினாறு வயதுத் தேர்வில் இப்போது மூன்று தாள்களுள் ஒன்று கணிப்பான் இல்லாதது. அங்கே கணிப்பான் மூடியில் வாய்பாடுகளோ செயல்குறிப்போ அச்சிட்டிருந்தால் மூடியைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்றும் விதி உண்டு. சாட் தேர்வும் 2016இல் பிரிந்தது: 25 நிமிடத்தில் 20 வினாக்கள் கணிப்பான் இன்றி, 55 நிமிடத்தில் 38 வினாக்கள் கணிப்பானுடன். ‘கூடாது’வும் ‘லாம்’மும் ஒரே காலைப்பொழுதில்.

பிறகு 2023 மார்ச்சில் அமெரிக்காவுக்கு வெளியேயும், 2024 மார்ச்சில் அமெரிக்காவிலும் சாட் தேர்வு முழுவதும் கணினிக்கு மாறியது. இந்தியாவிலிருந்து எழுதியவர்கள் இதை ஓராண்டு முன்னதாகவே கண்டார்கள். கணிப்பான் இல்லாத பகுதி மறைந்தது. திரையின் மூலையைச் சொடுக்கினால் டெஸ்மாஸ் என்னும் வரைபடக் கணிப்பான் விரியும். எல்லாருக்கும் அதே கருவி, விலையில்லாமல், வீட்டிலும் இணையத்தில் அதே வடிவில் பழகத்தக்கது. முப்பதாண்டுகள் பட்டியல் போட்டும் தீர்க்க முடியாத நேர்மைச் சிக்கலின் பெரும்பகுதி, கருவியை மாணவரின் பையிலிருந்து எடுத்து வினாத்தாளுக்குள் வைத்ததும் கரைந்துவிட்டது. இங்கே துணைவினையே தேவைப்படவில்லை. கொண்டுவரலாம், கொண்டுவர வேண்டும், கொண்டுவரக் கூடாது என்ற மூன்றின் இடத்தில் ‘இருக்கிறது’ என்ற ஒரு வினை. மடிக்கணினியும் நல்ல இணையமும் யாரிடம் உள்ளன என்ற கேள்வி இதன் பின்னே வரும் என்பதை மறுக்கவில்லை. கருவி இல்லாத மாணவர்களுக்கு இரவல் தர ஏற்பாடு உண்டு என்றாலும் அந்தக் கேள்வி பெரியதுதான். ஆயினும் சொந்தக் கணிப்பானும் வரலாம் என்ற பழைய வரி இன்னும் நிற்கிறது, புறனடைப் பட்டியலோடு. அதனால் ஒரு விந்தை நேர்கிறது. முழு விசைப்பலகை உடைய மடிக்கணினியில் தேர்வெழுதும் மாணவர், விசைப்பலகை உடைய கணிப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இனி நம் நாடு. இங்கே வரலாறு குறுகியது, ஏனெனில் பெரும்பாலும் ஒரே துணைவினைதான். மத்திய வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள்களில் பல ஆண்டுகள் ஒரு குறிப்பு அச்சாகி வந்தது: கணிப்பான் கூடாது, தேவையானால் மடக்கை அட்டவணையைக் கேட்டுப் பெறலாம். தமிழ்நாட்டில் மேனிலைத் தேர்வு எழுதிய என் தலைமுறைக்கும் அந்த ‘லாக் டேபிள்’ நன்கு பழக்கம். 23.45இன் மடக்கை காண வேண்டுமா? 23ஆம் வரிசையில் 4ஆம் நிரலில் 3692, வலக்கோடியில் சராசரி வேறுபாடு 5இன் கீழே 9, கூட்டினால் 3701, முன்னால் ஒன்று போட்டு 1.3701. விரல் ஒரு வரி தவறினால் விடை முழுவதும் போயிற்று. நாங்கள் வரிசை தவறாமலிருக்க அடிக்கோலை வைத்துக்கொள்வோம். நான் கேட்க விரும்புவது எளிய கேள்வி. அட்டவணையில் தேடுவது எவ்வகையில் மனக்கணக்கு? 1614இல் நேப்பியர் வெளியிட்ட மடக்கை, அக்கால வானியலாளரின் பெருக்கல் உழைப்பைக் குறைக்க வந்த கருவி. காகிதத்தில் இருப்பதால் அது கருவி அன்று என்று கொள்கிறோம். நம் வாரியங்கள் கருவியைத் தடுக்கவில்லை. நானூறு ஆண்டுப் பழைய கருவியைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன.

உண்மையான மனக்கணக்கு மரபு நமக்கு இருந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை உருப்போட்டார்கள். இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி வரை பெருக்கல் முழுவதும் நாவில் இருந்தது. வாய்ப்பாடு என்ற சொல்லின் முற்பாதி அதைத்தான் சொல்கிறது. செந்தில்பாபு அவர்களின் ஆய்வுகளைப் படித்தவர்கள் இம்மரபு நிலஅளவையோடும் கூலிக்கணக்கோடும் எப்படிப் பின்னியிருந்தது என்பதை அறிவர். கணிப்பானைத் தடுப்பதால் அந்த மரபு காக்கப்படுகிறது என்று யாரேனும் சொன்னால், அது மடக்கை அட்டவணை வந்த அன்றே தேர்வறையை விட்டுப் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐ.எஸ்.சி. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு விதி இவற்றிலிருந்து வேறுபட்டது. அது செயலாலும் வரையறுக்கவில்லை, எதிர்மறைப் பட்டியலும் போடவில்லை. கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் என்று ஒரு கருவியைப் பெயர் சொல்லி அனுமதிக்கிறது. இயற்பெயரால் வரையறுப்பதில் குழப்பமே இல்லை. என்னைப் போன்ற கண்காணிப்பாளர் பெயரைப் படித்தால் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவி. ஒரே நிறுவனத்துக்கு வணிகம் ஒதுக்கியதாகும் என்ற குறை இருந்தாலும், அமெரிக்கப் பட்டியல்களைப் பல மாதம் படித்தபின் இந்த ஒரு வரி எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் ஐ.எஸ்.சி. மாணவரும் மத்திய வாரிய மாணவரும் மாநில வாரிய மாணவரும் ஒன்றாய்க் கூடும் ஜே.இ.இ. தேர்வறையில் கணிப்பானும் இல்லை, மடக்கை அட்டவணையும் இல்லை. அங்கே வினாவே தனக்கு வேண்டிய மடக்கையைச் சொல்லிவிடும்: இரண்டின் மடக்கையை 0.30 எனக் கொள்க. எண்கள் சுருங்கும்படி முன்கூட்டியே செதுக்கப்பட்டிருக்கும். கணிப்பான் இல்லாத தேர்வு இயற்கையின் எண்களைக் கேட்க முடியாது; தனக்கு ஏற்ற எண்களையே கேட்க முடியும். ஆய்வகத்துக்கு வரும் முதலாண்டு மாணவர் உண்மையான அளவீட்டின் ஒழுங்கற்ற எண்ணைக் கண்டதும், தான் எங்கோ தவறு செய்துவிட்டதாக எண்ணுவதை அறிவியல் துறை நண்பர்கள் அடிக்கடி சொல்கிறார்கள்.

இந்தக் ‘கூடாது’வுக்கும் ஒரு புறனடை வந்தது. மத்திய வாரியம் 2020ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வையொட்டிச் சிறப்புத் தேவையுள்ள மாணவர்கள் எளிய கணிப்பானைப் பயன்படுத்த இசைவளித்தது. எண்சார் கற்றல் குறைபாடு உடைய பிள்ளைகளுக்கு இது பெரிய கதவு. சாட் தேர்விலும், கணிப்பானில்லாப் பகுதி இருந்த காலத்தில், உரிய சான்று தந்தவர்களுக்கு நான்கு செயல் கணிப்பான் வழங்கப்பட்டது. ஆனால் இப்புறனடையின் சொற்களையும் படிக்க வேண்டும். சான்றிதழ் வேண்டும், பள்ளி விண்ணப்பிக்க வேண்டும், வாரியம் இசைய வேண்டும். குறைபாட்டுக்குப் பெயர் தெரிந்த ஆசிரியர் இருக்கும் பள்ளியில், அதைச் சோதித்துச் சான்றளிக்கும் மருத்துவர் இருக்கும் ஊரில் மட்டுமே இந்த ‘லாம்’ அனுமதி என்ற பொருளில் ஒலிக்கும். பிற இடங்களில் அதே பிள்ளைக்கு ‘கணக்கு வராது’ என்ற பெயர்தான் கிடைக்கும்.

என் கருத்தை ஒளிக்க வேண்டியதில்லை. வாரியங்கள் எளிய அறிவியல் கணிப்பான் ஒன்றை, வினாத்தாளையும் விடைத்தாளையும் தருவதுபோலத் தாமே தேர்வறையில் தர வேண்டும். ஆண்டு முழுவதும் அதே வகைக் கருவி வகுப்பறையில் கிடக்க வேண்டும். ஒரு தாளைக் கையால் மட்டும் எழுதச் சொல்வதிலும் எனக்கு மறுப்பில்லை. மாணவரின் பையில் உள்ளதை நம்பி எழுதப்படும் எந்த விதியும் கண்காணிப்பாளரின் கண்ணையும் பெற்றோரின் பணப்பையையும் அளக்குமே ஒழிய வேறெதையும் அளக்காது. செலவைப் பற்றிக் கேட்பவர்கள், விலையில்லா மடிக்கணினிகளை இலட்சக்கணக்கில் வழங்கிய மாநிலத்தில் நாம் படித்தோம் என்பதை நினைவில் கொள்ளலாம்.

அந்த நுழைவுத் தேர்வுக்குப் பின் துறை அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். பதிவெண்ணைக் குறிக்க மறந்திருந்ததால், அந்த மாணவி யார் என்று கண்டறிய இயலவில்லை என்று பதில் வந்தது.

இதைப் படிக்கும் ஆசிரியர்களிடமும் மூத்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 1970களிலும் 1980களிலும் தேர்வறையில் தரப்பட்ட மடக்கை அட்டவணைக் கையேடு எவரிடமேனும் இருந்தால், அதன் முன்னட்டையிலும் பின்னட்டையிலும் அச்சிட்ட அறிவுரைகளைப் படமெடுத்து அனுப்புங்கள். ‘கணிப்பான்’ என்ற சொல் நம் தேர்வு விதிகளில் முதலில் எப்போது, எந்தத் துணைவினையோடு வந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் ‘கணக்கிடும் கருவி’ என்று எழுதியிருந்தால் அதுவும் வேண்டும்.